தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கு: ஆதரவுக் குழுவுக்கும் பாலியல் நல மருத்துவமனைக்கும் முதல் முறை போகிறவருக்கான வழிகாட்டி

கடந்த மூன்று நாட்களுக்குள் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டிருந்தாலோ, ஆணுறை கிழிந்திருந்தாலோ, உங்கள் விருப்பத்துக்கு மாறாக யாரேனும் உங்களிடம் நடந்துகொண்டிருந்தாலோ, படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எச்.ஐ.வி. கிருமி உடலில் நிலைகொள்ளாமல் தடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. அங்கே போய் ‘பெப்’ மருந்து வேண்டும் என்று கேளுங்கள். அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாட்கள் ஒரு வேளையும் தவறாமல் சாப்பிட வேண்டும். 72 மணி நேரம் என்பது கடைசி எல்லை. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. பாலியல் நல மருத்துவமனை மூடியிருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மருந்து தேவையா இல்லையா என்பதை நடந்ததைக் கேட்டு மருத்துவர் முடிவு செய்வார். விடுமுறை முடியட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

அந்த அவசரம் இல்லாதவர்கள் நிதானமாகப் படிக்கலாம். ஆண்கள்மீது ஈர்ப்பு கொண்ட ஆண்கள், ஆண் பெண் இருபாலார்மீதும் ஈர்ப்பு கொண்ட ஆண்கள், தங்களுக்கு எந்தப் பெயரும் சூட்டிக்கொள்ளாமல் ஆண்களோடு உறவு கொள்கிறவர்கள், எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். திருநம்பிகளுக்கும், அதாவது பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்கிறவர்களுக்கும், இதில் பெரும்பகுதி பொருந்தும். மாறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

ஓர் ஆதரவுக் குழுவில், புதிதாக வருகிறவரோடு முதலில் உட்கார்ந்து பேசுகிற பொறுப்பில் இருக்கிறேன். அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்று. நாம் மருத்துவரிடம் எவ்வளவு உண்மை சொல்கிறோமோ அவ்வளவுதான் பரிசோதனையும் உண்மை சொல்லும். எந்த உறுப்பில் தொற்று இருக்கலாம் என்பதே தெரியாவிட்டால் எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வாழ்நாளில் ஒருவரிடமும் வாய் திறந்து சொல்லாததை, முன்பின் தெரியாத மருத்துவரிடம் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடு என்றால் யாராலும் முடியாது. சொல்லிப் பழக ஓர் இடம் வேண்டும். அதனால்தான் குழுவையும் மருத்துவமனையையும் பிரிக்காமல் எழுதுகிறேன். உடலில் புண், சீழ், எரிச்சல், தடிப்பு என்று ஏதாவது இருந்தால் மருத்துவமனைதான் முதலில். இல்லையென்றால் குழுவிலிருந்து தொடங்குவது எளிது என்பது என் அபிப்பிராயம்.

முதல் படி: ஒரே ஒருவரிடம் சொல்வது

எடுத்த எடுப்பில் இருபது பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நுழைய வேண்டியதில்லை. பெரும்பாலான அமைப்புகள் மூன்று வழிகளைத் திறந்து வைத்திருக்கின்றன: தொலைபேசி அல்லது குறுஞ்செய்தி உதவி எண், பயிற்சி பெற்ற ஒருவரோடு தனியாகப் பேசுவது, குழுக் கூட்டம். உதவி எண்ணை அழைக்கும்போது பெயர் சொல்ல வேண்டாம். ஊர் சொல்ல வேண்டாம். ‘எனக்கு ஆண்கள்மீது ஈர்ப்பு உண்டு, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை’ என்று சொன்னால் போதும், மற்றதை எதிர்முனையில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். பேச்சு வராமல் நின்றுபோனாலும் குற்றமில்லை. அந்த மௌனம் அவர்களுக்குப் புதிதல்ல.

மருத்துவர் அல்லாத ஒருவரிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்பார்கள். எச்.ஐ.வி. ஆதரவுப் பணி பிறந்ததே அப்படித்தான். எய்ட்ஸ் என்ற பெயர்கூட வைக்கப்படாத 1982இன் தொடக்கத்தில், நியூயார்க்கில் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் சிலர் சேர்ந்து ‘கே மென்ஸ் ஹெல்த் கிரைசிஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, தன்னார்வலர் ஒருவரின் வீட்டுத் தொலைபேசியை உதவி எண்ணாக மாற்றியது. முதல் இரவிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. அதே ஆண்டு லண்டனில் எய்ட்ஸால் இறந்த டெரன்ஸ் ஹிக்கின்ஸின் காதலரும் நண்பர்களும் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார்கள். இன்றும் அது பிரிட்டனில் எச்.ஐ.வி. சேவைகளை நடத்திவருகிறது. 1983இல் அமெரிக்காவின் டென்வரில் கூடிய எய்ட்ஸ் நோயாளிகள், எங்களைப் பற்றிய முடிவுகள் எங்களைக் கேட்டே எடுக்கப்பட வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். மருத்துவத்தின் கையில் மருந்து இல்லாத காலத்தில், நோயாளியின் அருகில் உட்கார்ந்தவர்கள் இவர்கள்தான். இன்று மருந்து இருக்கிறது. அருகில் உட்கார ஆள் இன்னும் தேவைப்படுகிறது.

இரண்டாம் படி: குழுவை எடைபோடுவது

குழு என்று பெயர் வைத்துக்கொண்டதெல்லாம் குழு ஆகிவிடாது. சேருவதற்கு முன் தயங்காமல் கேள்வி கேளுங்கள். இங்கே பேசுவது வெளியே போகாது என்ற விதி இருக்கிறதா? படம் எடுப்பதைத் தடை செய்திருக்கிறார்களா? சொந்தப் பெயர் கட்டாயமா? பொறுப்பாளர்கள் யார், அவர்களைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமானால் யாரிடம் சொல்வது? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். தடுமாற்றத்தோடு வரும் புதியவரிடம் பொறுப்பாளர் காதலோ உறவோ தேடக்கூடாது என்று நல்ல குழுக்கள் எழுதியே வைத்திருக்கும். கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்தை விட்டுவிடுங்கள்.

உங்களை ‘மாற்றிவிடுகிறோம்’, ‘குணப்படுத்துகிறோம்’ என்று சொல்கிற இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார அமைப்பு 1990 மே 17 அன்று எடுத்தது. இல்லாத நோய்க்கு மருந்து விற்பவர்கள் உங்கள் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. அப்படிப்பட்ட ‘சிகிச்சை’களுக்குப் பிறகு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தலைதூக்குவதைப் பல நாட்டு மருத்துவ அமைப்புகள் எச்சரித்திருக்கின்றன. பெற்றோர் கூட்டிப்போனாலும் சரி, மருத்துவப் பட்டம் தொங்கினாலும் சரி, அது சிகிச்சை அல்ல.

பாதுகாப்பு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழுவைத் தேடும்போது, அமைப்பு தானே வெளியிட்ட எண்ணையோ முகவரியையோ பயன்படுத்துங்கள். டேட்டிங் செயலியில் அறிமுகமான ஒருவர் ‘எங்கள் குழுவுக்கு வா’ என்று ஆளில்லாத இடத்துக்கு அழைத்தால் போகாதீர்கள். முகமும் உடலும் ஒன்றாகத் தெரியும் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். வீட்டில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் குறிவைப்பது வெளியில் சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்களைத்தான். மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தவரிடம் மறுபடி கேட்பார்கள். பயத்தில் செய்திகளை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு உதவி எண்ணை அழையுங்கள். சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கும், காவல் துறையை எப்போது அணுகலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. அதை அங்கேயே இருந்து இத்தகைய வழக்குகளைப் பார்த்த அமைப்பினர் சொல்வார்கள். தன்பாலீர்ப்பைக் குற்றமாக வைத்திருக்கும் நாட்டில் இருப்பவர் என்றால், உறவு பற்றிய விவரங்களைச் செல்பேசியில் எழுதி வைப்பதையே தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: முதல் கூட்டம்

செல்பேசியைப் பார்ப்பதுபோல் வாசலைக் கடந்து போய், திரும்பி வந்து, மறுபடியும் கடந்து போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர், கையில் கொடுத்த வரவேற்புத் தாளை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்துக்கொண்டே கூட்டம் முழுவதும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தன் முறை வந்தபோது, ‘இன்று கேட்க மட்டும் வந்தேன்’ என்றார். எல்லோரும் தலையசைத்துவிட்டு அடுத்தவருக்குப் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒரு வாக்கியம் எந்தக் குழுவிலும் செல்லும். நீங்களும் சொல்லலாம்.

வழக்கமாக என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் பதற்றம் குறையும். விதிகளை ஒருவர் வாசிப்பார். விருப்பப்பட்ட பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வார்கள். ஒரு தலைப்பை எடுத்துப் பேசலாம், அல்லது அந்தந்த வாரத்தின் கஷ்டத்தையும் சந்தோஷத்தையும் பகிரலாம். அறிவுரை கேட்காதவருக்கு அறிவுரை சொல்லக்கூடாது என்பது நல்ல குழுக்களின் வழக்கம். கதவுக்கு அருகில் உட்காருங்கள். நடுவில் எழுந்து போக நேர்ந்தால் யாரையும் தாண்ட வேண்டியிருக்காது. தெரிந்த முகம் ஒன்று உள்ளே இருந்தால் என்ன செய்வது என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அவரும் உங்களைப் போலவேதான் அங்கே வந்திருக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கூட்டம் பிடிக்காமல் போவது சகஜம். இளைஞர்களுக்கு, மணமானவர்களுக்கு, எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களுக்கு, மத நம்பிக்கையும் ஈர்ப்பும் மோதித் தவிப்பவர்களுக்கு என்று தனித்தனிக் குழுக்கள் பல அமைப்புகளில் உண்டு. கேட்டால் கைகாட்டுவார்கள்.

இருபால் ஈர்ப்புள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை

இவர்கள் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறவர்கள். வெளியில் ஒரு சந்தேகம். தன்பாலீர்ப்பாளர் கூட்டத்துக்கு வந்தால், ‘நீ இன்னும் முடிவெடுக்கவில்லை’ என்று அங்கேயும் ஒரு சந்தேகம். இந்தப் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. முடிவெடுக்காதவர்களாக அவர்களைப் பார்ப்பது தவறு. அவர்கள் ஈர்ப்பே அப்படித்தான். ஒரு குழுவில் அந்தப் பேச்சு தடுக்கப்படாமல் நடந்தால் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பலனில்லையென்றால் இருபால் ஈர்ப்பாளர்களுக்கென்று இருக்கும் குழுவைத் தேடுங்கள்.

மருத்துவமனையில் இவர்களுக்கு வேறொரு சிக்கல். ‘மனைவி’ என்று சொன்னதும் மருத்துவர் அடுத்த கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார். ‘ஆண் துணை’ என்று சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுவார். அதனால் அவர் கேட்கக் காத்திருக்காமல், ஆண்களோடும் பெண்களோடும் உறவு உண்டு என்று நீங்களே ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். இதில் இன்னோர் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. கிளமிடியா என்ற பாலியல் தொற்று கவனிக்கப்படாமல் விடப்பட்டால் பெண்ணின் கருக்குழாய்களைப் பாதித்துக் குழந்தைப்பேற்றையே கெடுக்கலாம். சிபிலிஸ் என்ற இன்னொரு பாலியல் தொற்று கர்ப்பிணிக்கு வந்தால் கரு கலையலாம், குழந்தை இறந்து பிறக்கலாம். துணைவி கர்ப்பமாக இருக்கிறார் என்றால் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. வீட்டில் எதை, எப்போது, எப்படிச் சொல்வது என்பது உங்கள் முடிவு. குழு அதை வற்புறுத்தக் கூடாது. ஆனால் தொற்று உறுதியானால் துணைவிக்கும் சிகிச்சை கிடைத்தாக வேண்டும். அதை எப்படிக் கையாளலாம் என்று ஆலோசகரோடு உட்கார்ந்து யோசியுங்கள்.

நான்காம் படி: மருத்துவமனையைத் தேர்வது

போவதற்கு முன் தொலைபேசியில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களை வழக்கமாகப் பார்க்கிறீர்களா? தொண்டையிலும் ஆசனவாயிலும் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கிறீர்களா? முடிவு எந்த வழியில் வரும், வீட்டு முகவரிக்குக் கடிதமோ ரசீதோ வருமா? இவற்றில் இரண்டாவது கேள்விதான் உரைகல். ‘சிறுநீரும் ரத்தமும் போதும்’ என்று பதில் வந்தால் அந்த இடம் உங்களுக்குப் போதாது. கொனோரியா என்ற பாலியல் தொற்றும் கிளமிடியாவும் தொண்டையிலோ ஆசனவாயிலோ இருக்கும்போது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. சிறுநீர்ப் பரிசோதனை அவற்றைப் பார்ப்பதும் இல்லை. ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்ற தாளோடு வீடு திரும்பி, தெரியாமலேயே பிறருக்குப் பரப்புகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். உங்கள் குழுவில் கேட்டால் எந்த மருத்துவமனை நல்லது, எந்தச் செவிலியர் கனிவாகப் பேசுவார் என்பது வரை சொல்வார்கள்.

மருத்துவமனைக்குப் போகவே முடியாதவர்கள் எச்.ஐ.வி. சுயபரிசோதனைக் கருவியைப் பயன்படுத்தலாம். விரல் நுனி ரத்தத்திலோ ஈறில் தடவி எடுக்கும் திரவத்திலோ பார்ப்பவை அவை. அதில் தொற்று என்று காட்டினால் ஆய்வுக்கூடத்தில் உறுதிப்படுத்தும் வரை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொற்று இல்லை என்று காட்டினால், கடைசி உறவுக்குப் பிறகு 90 நாட்கள் கடந்திருந்தால்தான் அதை நம்பலாம். மற்ற தொற்றுகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஐந்தாம் படி: அந்த அறைக்குள்

போகும் முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருங்கள். கடைசியாக உறவு கொண்ட தேதி, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மருந்துகள், பெனிசிலின் போன்றவற்றுக்கு ஒவ்வாமை உண்டா என்ற விவரம், போட்டுக்கொண்ட தடுப்பூசிகள், இவ்வளவையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சொல்ல வேண்டியது இந்த மாதிரி இருக்கலாம்: ‘எனக்கு ஆண்களோடு உறவு உண்டு. வாய்வழியாகவும் ஆசனவாய்வழியாகவும். ஆசனவாய் உறவில் செலுத்துபவராகவும் இருந்திருக்கிறேன், ஏற்பவராகவும் இருந்திருக்கிறேன். கடைசியாக ஆணுறை இல்லாமல் நடந்தது மூன்று வாரம் முன்பு.’ நான்கு வாக்கியங்கள். கண்ணாடி முன் நின்றோ குழுவில் நம்பிக்கையான ஒருவரிடமோ ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். முடியவே முடியாது என்றால் தாளில் எழுதி மேசைமேல் வையுங்கள். எத்தனை பேர், பணம் கைமாறியதா, போதைப்பொருள் உண்டா என்றும் கேட்கலாம். எந்தப் பரிசோதனை, எந்தத் தடுப்பூசி என்பதை முடிவு செய்யத்தான் அந்தக் கேள்விகள். கேள்வி எதற்கு என்று திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பிறகு மாதிரிகள். ரத்தத்தில் எச்.ஐ.வி., சிபிலிஸ், கல்லீரல் அழற்சி (ஹெபடைடிஸ்) பி, சி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். சிறுநீரின் முதல் பகுதியைக் குப்பியில் பிடித்துத் தர வேண்டும். தொண்டைக்கு நீளமான பஞ்சுக்குச்சி. அடிநாக்கைத் தாண்டி உள்நாக்கின் இருபுறமும் தேய்க்கும்போது ஓங்கரிப்பு வரும், இரண்டு நொடியில் போய்விடும். ஆசனவாய் மாதிரியை நீங்களே கழிப்பறையில் எடுத்துத் தரலாம். நீங்கள் எடுப்பதும் செவிலியர் எடுப்பதும் துல்லியத்தில் ஒன்றுதான். ஒரு காலைச் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டு, குச்சியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் உள்ளே நுழைத்து, சில நொடிகள் மெதுவாகச் சுழற்றி எடுத்து, குழாய்க்குள் போட்டு மூடிவிட வேண்டும். வலிக்காது, கூச்சமாக இருக்கும். குழாய் மாறிவிடாமல் எதில் தொண்டை, எதில் ஆசனவாய் என்று ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

அவசரப்பட்டு மறுநாளே பரிசோதித்தால் பலனில்லை. ஒவ்வொரு தொற்றும் கண்ணில் படக் கொஞ்சம் காலம் எடுக்கும். கொனோரியா, கிளமிடியாவுக்குச் சுமார் இரண்டு வாரம். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்யும் புதிய வகை எச்.ஐ.வி. பரிசோதனை 18 முதல் 45 நாட்களுக்குள் காட்டிவிடும். கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் விரைவுப் பரிசோதனைக்கு 90 நாட்கள்வரை ஆகலாம். சிபிலிஸின் முதல் புண் 10 முதல் 90 நாட்களுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் தோன்றும். அது வலிக்காது. வாயிலோ ஆசனவாய்க்குள்ளோ இருந்தால் கண்ணிலும் படாது. தானே ஆறியும் விடும். ஆறிவிட்டது என்று நிம்மதியடையும் நேரத்தில் கிருமி ரத்தத்தில் பரவிக்கொண்டிருக்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்பு தோன்றினால் சிபிலிஸை நினையுங்கள்.

ஆறாம் படி: தடுப்பைக் கேட்டு வாங்குவது

பரிசோதனைக்குப் போகும் நாளே தடுப்பைப் பற்றியும் பேசிவிடலாம். மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

‘பிரெப்’ என்பது எச்.ஐ.வி. இல்லாதவர் அது வராமலிருக்கச் சாப்பிடும் மருந்து. டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபின் இரண்டும் சேர்ந்த மாத்திரைக்கு அமெரிக்காவில் 2012இல் அனுமதி கிடைத்தது. ஒழுங்காகச் சாப்பிட்டால் உறவின் வழியாக எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு சுமார் 99 விழுக்காடு குறைகிறது. தினமும் ஒன்று சாப்பிடலாம். எப்போதாவது உறவு கொள்கிற ஆண்களுக்கு இன்னொரு முறையும் உண்டு. உறவுக்கு 2 முதல் 24 மணி நேரத்துக்கு முன் இரண்டு மாத்திரை, அந்த முதல் வேளையிலிருந்து 24 மணி நேரம் கழித்து ஒன்று, 48 மணி நேரம் கழித்து ஒன்று. திருநம்பிகளுக்கு இந்த இரண்டாவது முறை பரிந்துரைக்கப்படுவதில்லை, தினசரி முறையே சரி. கல்லீரல் அழற்சி பி தொற்று உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. சட்டென்று நிறுத்தினால் கல்லீரல் பாதிப்பு தீவிரமாகலாம். தொடங்கும் முன் எச்.ஐ.வி. பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் அவசியம். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எச்.ஐ.வி. பரிசோதனை. மாத்திரை மறந்துபோகிறவர்களுக்கும் வீட்டில் டப்பாவை ஒளித்து வைக்க முடியாதவர்களுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போடும் கபோடெக்ராவிர் ஊசி இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டே முறை போடும் லெனகபாவிர் ஊசியை 2025 ஜூலையில் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. உங்கள் நாட்டில் எது கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

பிரெப் எச்.ஐ.வி.யை மட்டுமே தடுக்கும். ஆணுறை மற்ற தொற்றுகளையும் குறைக்கும். தேங்காய் எண்ணெய், வாசலின், உடல் கிரீம் போன்ற எண்ணெய்ப் பசையுள்ளவை லேடெக்ஸ் ஆணுறையைக் கிழித்துவிடும். நீரிலோ சிலிக்கானிலோ ஆன லூப்ரிகன்ட் என்ற வழுக்குப் பசையை மட்டும் தாராளமாகப் பயன்படுத்துங்கள்; ஆசனவாய் தானாக ஈரம் சுரப்பதில்லை என்பதால் அது இல்லாமல் ஆணுறையும் தாங்காது, தோலும் தாங்காது. உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை 200 மில்லிகிராம் சாப்பிடும் முறையும் வந்திருக்கிறது. சிபிலிஸையும் கிளமிடியாவையும் அது வெகுவாகக் குறைக்கிறது, கொனோரியாவிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. நண்பரிடம் வாங்கிச் சாப்பிடாமல் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் சாப்பிடுங்கள்.

தடுப்பூசிகளில் கல்லீரல் அழற்சி ஏ, பி, மனித பாப்பிலோமா வைரஸ் ஆகியவற்றுக்கானவை முக்கியம். பாப்பிலோமா வைரஸ் ஆசனவாய்ப் புற்றுநோய்க்கும் தொண்டைப் புற்றுநோய்க்கும் காரணமாகிறது. அந்த ஊசியைச் சிறு வயதிலேயே போடுவது நல்லது, 26 வயதுவரை வழக்கமாகப் பரிந்துரைக்கிறார்கள். 2022இல் பல நாடுகளில் பரவிய, முன்பு குரங்கம்மை எனப்பட்ட எம்பாக்ஸுக்கும் தடுப்பூசி உண்டு. நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி.

ஏழாம் படி: முடிவு வந்த பிறகு

கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ் மூன்றும் முழுமையாகக் குணமாகும். கிளமிடியாவுக்கு வழக்கமாக ஏழு நாள் மாத்திரை, கொனோரியாவுக்கு ஊசி. சிகிச்சைக்குப் பின் ஒரு வாரம், துணையும் சிகிச்சை பெறும்வரை, உறவைத் தவிர்க்க வேண்டும். தொடக்கநிலைச் சிபிலிஸுக்கு இடுப்பில் போடும் நெடுநாள் பெனிசிலின் ஒரே முறை போதும். ஊசி போட்ட அன்று காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் கலங்க வேண்டாம், கிருமிகள் கூட்டமாக மடியும்போது அப்படி நேரும், ஒரு நாளில் தணிந்துவிடும். கல்லீரல் அழற்சி சி கூட இன்று 8 முதல் 12 வார மாத்திரையில் நூற்றுக்கு 95 பேருக்கும் மேல் குணமாகிறது.

எச்.ஐ.வி. உறுதியானால் அன்றே சிகிச்சையைத் தொடங்கலாம். பலருக்கு நாளுக்கு ஒரு மாத்திரைதான். பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் யாருக்கும் எச்.ஐ.வி. பரவாது. ஐரோப்பாவில் நடந்து 2019இல் வெளியான ‘பார்ட்னர்’ ஆய்வில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த 782 ஆண் இணையர்கள் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டது ஏறத்தாழ 76,000 தடவை. துணையிடமிருந்து தொற்றியது ஒருவருக்குக்கூட இல்லை. முடிவைக் கையில் வாங்கியவருக்கு இந்த எண்ணை அன்றே சொல்ல வேண்டும். சொல்லாமல் அனுப்பினால் ‘இனி என்னை யார் தொடுவார்கள்’ என்ற எண்ணத்தோடு அவர் வீட்டுக்குப் போகிறார். அந்த இரவில் தனியாக இருக்காதீர்கள். உதவி எண்ணை அழையுங்கள், குழுவில் இதே மருந்தைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிற ஒருவரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் அதுவும் ஓர் அவசர நிலை. அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம்.

தொற்று எதுவானாலும் அண்மையில் உறவு கொண்டவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ‘எனக்கு சிபிலிஸ் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது, நீயும் போய்ப் பார்த்துவிடு’ என்ற ஒரு வரி போதும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற விசாரணை வேண்டாம். பெரும்பாலும் யாராலும் சொல்ல முடியாது. உங்கள் பெயர் தெரியாமல் அவர்களுக்குச் சொல்லிவிடும் ஏற்பாடு பல மருத்துவமனைகளில் உண்டு. அடிதடியில் முடியும் என்று பயப்படுகிறவர்கள் அதையே பயன்படுத்துங்கள்.

போதைப்பொருளோடு உறவு கொள்கிறவர்களுக்கு: ஊசியையோ உறிஞ்சும் குழலையோ பகிராதீர்கள், கல்லீரல் அழற்சி சி அப்படிப் பரவும். ‘பாப்பர்ஸ்’ என்ற போதைத் திரவத்தின் ஆவியை முகர்கிறவர்கள் விறைப்புக்கான மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிடவே கூடாது, ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும். இதைப் பற்றி வெட்கமில்லாமல் பேச பல குழுக்களில் தனிக் கூட்டம் இருக்கிறது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை போவது? ஆண்டுக்கு ஒரு முறையாவது. ஒன்றுக்கு மேற்பட்ட துணைகள் இருந்தால் மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கொனோரியாவோ கிளமிடியாவோ வந்து குணமானவர் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், மீண்டும் தொற்றுவது மிகச் சாதாரணம். கிளம்பும்போதே அடுத்த தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்காவது ஒரு மருத்துவர் கேவலமாகப் பேசினால், ஒழுக்க உபதேசம் செய்தால், உங்கள் விவரத்தை வராந்தாவில் உரக்கச் சொன்னால், அதோடு மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே குழுவில் சொல்லுங்கள். பெரும்பாலான குழுக்கள் நல்ல மருத்துவர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியல் இப்படி வந்து சொன்னவர்களால்தான் உருவானது. எந்தப் பிரிவு, எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன வார்த்தை சொன்னார்கள் என்று மறப்பதற்குள் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை போகும்போது கூட வர ஒருவர் வேண்டும் என்றும் கேளுங்கள். வருவார்கள்.